பூக்கடைக்கும் பலகை வேண்டும்

ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு ஏறுகிற வழியில் சீசன் நாட்களில் சின்னச் சின்னக் கடைகள் போட்டிருப்பார்கள். மே மாதத் திருவிழா என்றால் கடைகள் இன்னும் கூடும். மிளகு, கிராம்பு, ஏலக்காய், காப்பித்தூள், தேன். பெரும்பாலும் பாலித்தீன் கவரில் போட்டு, வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்த பொட்டலங்கள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் வெறுமை. யார் தோட்டத்து மிளகு, காப்பி எப்போது வறுத்தது, சிக்கரி கலந்ததா இல்லையா, வீட்டில் போய்ப் போட்டுக் குடித்துப் பிடித்துப்போனால் மறுபடி யாரைக் கூப்பிடுவது? ஒன்றுக்கும் அதில் விடை கிடையாது.

ஒரு பேர் போட்டால் என்ன என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். “சரக்கு நல்லா இருந்தா தானா விக்குமுங்க. பூக்கடைக்கு எதுக்குங்க வெளம்பரம்?”

சொல்கிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தன்னைவிடப் படித்தவர்களிடம் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறார். பிராண்டிங், வெப்சைட் எல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று ஆடிட்டர் சொல்கிறார். வாட்ஸப் இருக்கும்போது வெப்சைட் எதற்கு என்று கல்லூரி படிக்கும் மகன் சொல்கிறான். தொண்டு நிறுவனமாக இருந்துவிட்டால் பேச்சு இன்னும் கடுமையாகிறது. சேவைக்கு வந்த காசில் விளம்பரமா என்று அறங்காவலர் கூட்டத்திலேயே கேட்கிறார்கள். தமிழ்நாட்டுச் சிறுதொழில் வட்டாரத்தில் இதை ஒரு கேள்வியாகக்கூட யாரும் வைப்பதில்லை. முடிந்துபோன விஷயமாகவே பேசுகிறார்கள். அது முடிந்துபோன விஷயம் அல்ல, தப்பான முடிவு என்பது என் கட்சி. அந்தத் தப்புக்கு விலை கொடுப்பவர்கள் அதை நம்புகிற சிறியவர்கள்தான்.

பூவின் வாசம் தெருமுனை வரை வரும். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே தெருவில் இருந்த காலத்துக்கு அந்தப் பழமொழி சரி. இன்று ஏற்காட்டு மிளகை வாங்குகிறவர் வேளச்சேரியிலும் பெங்களூரிலும் இருக்கிறார். வருடத்தில் ஒருநாள் மலைக்கு வந்தார், குகைக்குள் குனிந்து போய்ச் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டார், கால் கிலோ வாங்கினார், இறங்கிப் போய்விட்டார். அடுத்த மாதம் மிளகு தீர்ந்ததும் மறுபடி இதையே வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தாலும் வழி இல்லை. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பேர் போட்ட பாக்கெட்டை எடுத்துக்கொள்வார். கடைக்காரருக்கு ஒரு விற்பனை கிடைத்தது, ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார்.

நல்ல சரக்கு தானாகப் பேர் வாங்கும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க இந்த மலையைவிட நல்ல இடம் கிடையாது. சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் காப்பியை இங்கே கொண்டுவந்தார். கிரேஞ்ச் எஸ்டேட் அந்தக் காலத்தது. 900 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் வரை உயரம், நிழல் மரங்கள், மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, ஊடே ஆரஞ்சும் வாழையும், பெரும்பாலும் அரபிகா. காப்பிக்கு இதைவிட என்ன வேண்டும்? இருநூறு வருடமாக இங்கே நல்ல காப்பி விளைகிறது. இப்போது சென்னையில் ஏதாவது ஒரு காப்பித்தூள் கடைக்குப் போய், “சேர்வராயன் அரபிகா கால் கிலோ” என்று கேட்டுப் பாருங்கள். பீபெர்ரியா, பிளான்டேஷன் ஏ-யா, சிக்கரி எவ்வளவு போடட்டும் என்று திருப்பிக் கேட்பார்கள். கொட்டையின் ரகத்துக்குப் பேர் இருக்கிறது, கலவையின் விகிதத்துக்குப் பேர் இருக்கிறது, அது விளைந்த மலைக்கு அந்தக் கல்லாவில் பேர் இல்லை.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1942-இல் வந்த காப்பிச் சட்டத்தின் கீழ், விளைந்த காப்பியைத் தோட்டக்காரர் தானே விற்க முடியாது. காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும். அங்கே அது தரவாரியாகப் பிரிந்து, பல தோட்டத்துக் காப்பியோடு கலந்து ஏலத்துக்குப் போகும். யார் விளைவித்தது என்ற கேள்வி மூட்டையோடு முடிந்துபோகும். 1990களில் அந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்து 1996-இல் முழுதாக விலகியது. அதுவரை தோட்டக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. சட்டம் போனபின்னும் பழக்கம் போகவில்லை. இன்றும் சிறு விவசாயி பழத்தை உலர்த்தி மூட்டை கட்டி வியாபாரியிடம் போடுகிறார். அது தோல் நீக்கித் தரம் பிரிக்கிற கியூரிங் ஆலைக்குப் போய், வறுபட்டு, சிக்கரியோடு சேர்ந்து, வேறொருவர் பேரில் வெளியே வருகிறது. கலவைத் தூளில் பாதிக்குச் சற்று மேல், அதாவது குறைந்தது 51 சதவீதம், காப்பி இருக்க வேண்டும் என்றும் அந்த விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு விதி கட்டாயப்படுத்துகிறது. எந்த மலைக் காப்பி என்று அச்சிடச் சொல்லி எந்த விதியும் கட்டாயப்படுத்தாது. அதை விளைவித்தவர்தான் எழுத வேண்டும்.

பேர் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம், மலையை விட்டு இறங்கினால் போதும். சேலத்தில் 1926-இல் தொடங்கிய நரசுஸ் காப்பியின் பேர் தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குத் தெரியாது? ‘பேஷ் பேஷ்’ என்று யாராவது சொன்னாலே ஒரு தலைமுறைக்குக் காப்பி மணக்கும். அந்த நிறுவனம் தன் பேரைச் சொல்ல வெட்கப்படவில்லை, வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அடிவாரத்து வியாபாரிக்குப் பேர் கிடைத்தது, மலை பேரில்லாமல் நின்றுவிட்டது என்றால் வித்தியாசம் கொட்டையின் தரத்தில் இல்லை.

நாம் பேர் வைத்துக்கொள்ளாவிட்டால் இடம் காலியாக இருக்காது, வேறொருவர் வைத்துவிடுவார். ஏற்காட்டுக்கு அப்படி வைக்கப்பட்ட பேர் ‘ஏழைகளின் ஊட்டி’. பயணக் கட்டுரையிலும் விடுதி விளம்பரத்திலும் வேன் டிரைவர் பேச்சிலும் அதுதான். 1,600 மீட்டருக்கு மேல் சேர்வராயன் சிகரம், மலையாளி பழங்குடி மக்களின் குலதெய்வம், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம், 1917-இலிருந்து நடக்கும் மான்ட்ஃபோர்ட் பள்ளி, இத்தனையும் உள்ள ஒரு மலையை இன்னொரு மலையின் மலிவுப் பதிப்பாகச் சொல்கிற சொல் அது. கேட்கிறவர் மனதில் அது ஒரு விலையையும் பதித்துவிடுகிறது. ஏழைகளின் ஊட்டியில் காப்பிக்கு நல்ல விலை கேட்டால் தருவாரா? பேரம்தான் பேசுவார். பிராண்டிங் தேவையில்லை என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஏற்கனவே ஒரு பிராண்ட் உங்கள் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை ஒட்டியவர்கள் நீங்கள் இல்லை.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி போடுவார்கள். காப்பி போர்டு இந்தியாவின் 13 காப்பிப் பகுதிகளுக்குத் தனித்தனி லோகோ செய்து வைத்திருக்கிறதே, அதில் சேர்வராயனும் ஒன்றுதானே, அதனால் என்ன நடந்துவிட்டது என்பார்கள். உண்மைதான், லோகோ இருக்கிறது. மலையில் பொட்டலம் கட்டுகிற கடைக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. லோகோவைத்தான் பிராண்டிங் என்று நினைத்துக்கொண்டிருப்பதன் விளைவு அது. பெங்களூரில் வரைந்த ஒரு படம் ஏற்காட்டுப் பொட்டலத்தில் வந்து ஒட்டாதவரை அது அலுவலகக் கோப்பு. பிராண்ட் என்பது வாங்குகிறவருக்குத் தரும் வாக்கு. இன்னாருடையது, இன்ன இடத்தில் விளைந்தது, இன்ன தேதியில் வறுத்தது, குறை இருந்தால் இந்த நம்பரில் கூப்பிடுங்கள் என்பது அந்த வாக்கு. படம் அதற்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். வாக்கு இல்லாத படம் எத்தனை அழகாக இருந்தாலும் யாருக்கும் உதவாது. வாக்கு இருந்தால் ரப்பர் ஸ்டாம்பில் அடித்த பேரே போதும்.

அரக்கு அதைக் காட்டியது. ஆந்திர மலையில் ஆதிவாசிச் சிறு விவசாயிகள் வளர்க்கிற காப்பி. சேர்வராயனுக்கு எத்தனையோ காலம் பிந்தி வந்த காப்பி. நாந்தி பவுண்டேஷனின் துணையோடு அவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, பழம் பறிப்பதிலிருந்து ஒழுங்குசெய்து, தங்கள் பள்ளத்தாக்கின் பேரையே பிராண்டாக வைத்தார்கள். 2017-இல் பாரிஸ் நகரில் அரக்கு என்ற பேரிலேயே கடை திறந்தது. 2019-இல் கூர்க், சிக்மகளூர், பாபாபுதன்கிரி அரபிகாக்களோடும் வயநாடு ரோபஸ்டாவோடும் அரக்கு அரபிகாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் சேர்வராயன் இல்லை.

அரக்குக்குப் பின்னால் பெரிய தொழிலதிபர்களின் பணம் இருந்தது, எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். சரி, அப்படியானால் நீலகிரியைப் பாருங்கள். கோத்தகிரியைத் தலைமையிடமாகக் கொண்ட கீஸ்டோன் பவுண்டேஷன் கூடவே நின்று வளர்த்த ‘ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்’ 2013-இல் உருவானது. பங்குதாரர்கள் பழங்குடி மக்களே. தேன், மிளகு, காப்பி, சிறுதானியம் என்று காட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பதைத் தாங்களே பதப்படுத்தித் தங்கள் பேரில் விற்கிறார்கள். 2021-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. மலைமக்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சேலத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் கோத்தகிரி வரை ஒருமுறை போய்வரலாம்.

பேர் போடுவது நம் வழக்கமில்லை, மேல்நாட்டு மோகம் என்ற பேச்சு இன்னொன்று. இதைவிட நம் ஊரை மறந்த பேச்சு இருக்க முடியாது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன் மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வாங்குகிறவர் படத்தைப் பார்த்தே தன் பெட்டியைக் கேட்டு வாங்கினார். அந்த அச்சகங்களிலிருந்துதான் தமிழ்நாட்டு மளிகைக்கடை, நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை அத்தனைக்கும் கடைப் பேர் போட்ட தினசரிக் காலண்டர் வருகிறது. ராகுகாலமும் எமகண்டமும் பார்க்கிற சாக்கில் வருடம் பூராவும் ஒரு வீட்டுச் சுவரில் கடைக்காரரின் பேரும் போன் நம்பரும் தொங்கும். இதைவிடச் சிக்கனமான விளம்பரத்தை உலகத்தில் எவர் கண்டுபிடித்திருக்கிறார்? ஜவுளிக்கடை மஞ்சப்பையும் அப்படித்தான். துணியோடு வீட்டுக்கு வந்த பை, ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் கோர்ட்டுக்கும் போகும், கடையின் பேரைச் சுமந்துகொண்டே. பிளாஸ்டிக்கை ஒழிக்க 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. ஏற்காட்டு வியாபாரிக்கு அதில் ஒரு வாய்ப்பும் சேர்ந்தே வந்தது. பாலித்தீன் கவருக்குப் பதில் துணிப்பை, துணிப்பையில் தோட்டத்தின் பேர். நம் தாத்தாக்கள் செய்ததை மறந்துவிட்டு, அதை மேல்நாட்டுச் சரக்கு என்று தள்ளுகிறோம்.

செலவைப் பற்றிப் பேசுவோம். சிறியவர்கள் பயப்படுவது அங்கேதான், அந்தப் பயத்தை வளர்த்து லாபம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கால் கிலோ காப்பித்தூள் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழுப்புக் காகித உறை, உள்ளே காற்று புகாத பூச்சு. முன்பக்கம் தோட்டத்தின் பேர், தமிழில், பெரிதாக. அதன் கீழே ‘சேர்வராயன் மலை’ என்று ஊர். அதன் கீழே அரபிகாவா ரோபஸ்டாவா, சிக்கரி உண்டா இல்லையா. பின்பக்கம் வறுத்த தேதி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, கட்டியவர் பேரும் முகவரியும், புகாருக்கு போன் நம்பர், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தந்த 14 இலக்க எண். இவற்றில் பாதிக்கு மேல் 2011-ஆம் வருடத்துப் பொட்டலப் பொருட்கள் விதிகளும் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் எப்படியும் கேட்கிறவை. அதாவது பிராண்டிங் என்று நாம் பயந்து ஒதுக்குவதில் பெரும்பகுதி ஏற்கனவே சட்டப்படி எழுத வேண்டியது. எழுதுவதுதான் எழுதுகிறோம், படிக்கிற மாதிரி, நம்புகிற மாதிரி எழுதுவோம் என்பது மட்டுமே கூடுதல் வேலை. சிவகாசியில் ஆயிரக்கணக்கில் அடித்தால் ஸ்டிக்கர் ஒன்று ஓரிரு ரூபாயில் அடங்கும். அதற்கும் வசதி இல்லாதவர் நல்ல ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்துகொண்டு காகித உறையில் அடிக்கலாம். தேதியைக் கையால் எழுதலாம். கையால் எழுதிய தேதியை வாங்குகிறவர்கள் மதிக்கிறார்கள், ஏனென்றால் அதை எழுத ஒரு ஆள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

எழுத்துரு விஷயத்தில் நம்மவர்களுக்குத் தெரியாத ஒரு செல்வம் இருக்கிறது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பலூ தம்பி, நோட்டோ தமிழ் என்று கைதேர்ந்த கலைஞர்கள் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு தோட்டத்தின் பேரை அவற்றில் ஒன்றில் அழகாக அமைத்தாலே லோகோ ஆகிவிடும். காப்பிக் கொட்டை, நீராவி, மலைமுகடு, உதிக்கும் சூரியன் என்று எல்லோரும் போடுகிற படத்தை நாமும் வாங்கிப் போட வேண்டியதில்லை.

வாட்ஸப்பும் இன்ஸ்டாகிராமும் போதாதா என்பவர்களுக்கு இரண்டு தேதிகளை நினைவூட்டுகிறேன். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடைசெய்தது. தடை சரியா தப்பா என்பது வேறு விவாதம். அந்தச் செயலியை மட்டுமே நம்பிப் புடவையும் பலகாரமும் விற்றுக்கொண்டிருந்த சின்ன வியாபாரிகள், ஆயிரக்கணக்கில் சேர்த்த ஆட்களை அன்றோடு இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக முடங்கி, ஆறு மணி நேரம் போல உலகம் முழுக்க வேலை செய்யவில்லை. ஆர்டர் எடுக்கிற ஒரே வாசல் அதுவாக இருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு இருந்தார்கள். இந்தச் செயலிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவில்லை, பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அவை ஆட்களைக் கூட்டிவருகிற வழி. கூட்டிவந்து உட்கார வைக்க நமக்கென்று ஒரு முகவரி வேண்டும். நம் பேரில் பதிந்த ஒரு இணையப் பெயருக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் போல ஆகும். தமிழிலேயே வேண்டுமென்றால் ‘.இந்தியா’ என்று முடிகிற முகவரியும் இருக்கிறது. வேர்ட்பிரஸ் இலவசம். ஒரே ஒரு பக்கம் போதும்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் போன் சிக்னல் வரும், போகும். வேனில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் உங்கள் விடுதியையோ தோட்டத்தையோ தேடுகிறார். பக்கத்தைத் திறந்தால் ஐந்து எம்பி எடையுள்ள சூரியோதயப் படம் ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது, அவரும் போய்விட்டார். அவருக்கு வேண்டியது படம் இல்லை. தொட்டால் அழைப்பு போகிற போன் நம்பர், ஏரியிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி, என்ன விலை, எத்தனை மணிவரை திறந்திருக்கும். இவ்வளவுதான். அதுவும் எழுத்தாக இருக்க வேண்டும். நம் ஊரில் நோட்டீஸ் அடித்த டிசைனையே படமாக எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் மாட்டிக்கொண்ட தமிழைத் தேடுபொறி நம்பகமாகப் படிப்பதில்லை. பார்வையற்றவரின் போன் அதைச் சரியாக வாசித்துச் சொல்லும் என்பதற்கும் உறுதி இல்லை. பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழில் தட்டிய நாலு வரிக்கு இருக்கிற பலம், நகர்கிற படங்களும் மின்னுகிற பட்டன்களும் வைத்த எட்டுப் பக்க வெப்சைட்டுக்குக் கிடையாது.

அந்த எட்டுப் பக்க வெப்சைட்டை விற்கிறவர்களும் இதில் குற்றவாளிகளே. ‘லோகோ, விசிட்டிங் கார்டு, வெப்சைட், எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்’ என்று பேக்கேஜ் போடுகிறார்கள். விலை குறைவாகத்தான் தெரியும். எந்த ஊர்த் தோட்டத்துக்கும் பொருந்துகிற டெம்ப்ளேட், எங்கோ எடுத்த காப்பிப் பூப்படம், ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று யாருக்கும் ஒன்றும் சொல்லாத ஒரு பத்தி. அதைவிட மோசம், இணையப் பெயரை விற்பவர் தன் மின்னஞ்சலில் பதிந்துகொள்வது. அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது அவர் சொன்னதுதான் தொகை. அவர் போனை எடுக்கவில்லை என்றால் உங்கள் பேர் உங்களுடையது இல்லை. சிறியவர்களுக்கு பிராண்டிங்கே வேண்டாம் என்ற எண்ணம் வலுத்ததற்கு இந்த வியாபாரம் பெரிய காரணம். ஒருமுறை ஏமாந்தவர் ஊருக்கே சொல்லிவிடுகிறார். ஆனால் போலி டாக்டரிடம் மாத்திரை வாங்கி ஏமாந்ததால் வைத்தியமே வேண்டாம் என்று யாரும் முடிவெடுப்பதில்லை. இணையப் பெயர் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணத்தில், உங்கள் கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும். லோகோவின் மூலக் கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொள்ளாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

தொண்டு நிறுவனங்களுக்கு வருகிறேன். இங்கேதான் தப்பான எண்ணம் புனிதமான வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. குழந்தைகளுக்கு வந்த காசில் வெப்சைட்டா என்ற கேள்வியை எழுப்பிவிட்டால் அறையில் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள். மௌனமாக வேண்டியதில்லை. நன்கொடை தருகிறவர் முகம் தெரியாத ஒருவரை நம்பித் தருகிறார். அவர் கணக்குக் கேட்கும் முன்பே கணக்கைக் காட்டுவது அலங்காரம் ஆகாது, கடமை. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைத் தன் இணையதளத்திலோ அரசு குறிப்பிடும் இணையதளத்திலோ பொதுவில் வைக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. 2013-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்கும் கம்பெனியின் அதிகாரி, மனுவைப் படித்ததும் முதலில் செய்வது அமைப்பின் பேரைத் தேடிப் பார்ப்பது. ஒன்றும் வராவிட்டால் அடுத்த மனுவை எடுப்பார். மலைக் கிராமத்தில் இருபது வருடம் பள்ளி நடத்துகிற ஒரு சிறிய அமைப்பு அப்படி ஒதுக்கப்பட்டு, நகரத்தில் வழவழப்பாக அறிக்கை அடிக்கத் தெரிந்த ஒன்றுக்கு நிதி போகிறது. இதில் நஷ்டம் யாருக்கு? வெப்சைட்டுக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த காசு எந்தக் குழந்தையின் தட்டுக்குப் போனது?

அந்தச் செலவும் பெரிதில்லை. பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு கூகுள் தன் மின்னஞ்சல், அலுவலகச் சேவைகளை இலவசமாகத் தருகிறது. நோட்டீஸும் படமும் வடிவமைக்க உதவும் கேன்வாவும் அப்படியே. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் வைக்க வேண்டியது அறங்காவலர்கள் யார், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு எண் என்ன, போன வருடம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, இந்த வருடம் என்ன வேண்டும் என்பவை. அழுகிற குழந்தையின் முகத்தைப் பெரிதாகப் போட்டு இரக்கம் சம்பாதிக்கிற பக்கங்களை நான் வெறுக்கிறேன். ஒரு மலையாளிக் குடும்பத்தின் வறுமையைக் கண்காட்சி ஆக்கித்தான் அந்தக் குடும்பத்துக்கு உதவ முடியும் என்றால் அந்த உதவியில் ஏதோ கோளாறு இருக்கிறது. கணக்கைக் காட்டுங்கள், முகங்களை விட்டுவிடுங்கள். அதுதான் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நல்ல பிராண்டிங்.

பேர் பிரபலமானால் போலி வரும், அதற்கு இப்படியே இருந்துவிடலாம் என்று கடைசியாக ஒரு வாதம் வரும். பேரில்லாத சரக்கில்தான் போலிக்கு இடம் அதிகம். எங்கிருந்தோ வந்த மிளகை ஏற்காட்டு மிளகு என்று ஏற்காட்டிலேயே விற்றாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாத நிலை இன்றைக்கே இருக்கிறது. பேரைக் காப்பாற்ற வழி உண்டு. தனிநபரும் சிறுதொழிலும் ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய் கட்டி இணையம் வழியாக டிரேட்மார்க்குக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய கம்பெனி கட்ட வேண்டியது அதைப்போல இரண்டு மடங்கு. கிடைத்தால் பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். தோட்டத்தின் பேருக்கு அது. மலையின் பேர் ஒருவர் சொத்தாக முடியாது, அதற்குத்தான் புவிசார் குறியீடு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்திருக்கிறது. சிறுமலை வாழைக்குக் கிடைத்திருக்கிறது. இதே சேலம் மாவட்டத்து ஜவ்வரிசிக்கு 2023-இல் கிடைத்திருக்கிறது, அதைக் கேட்டு வாங்கியது உற்பத்தியாளர்களின் கூட்டுறவான சேகோசர்வ். குறியீடு கிடைத்த பொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய விவசாயி கட்ட வேண்டிய கட்டணத்தை 2020-இல் பத்து ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த விண்ணப்பத்தில் ஒரு பகுதி இருக்கிறது. பொருள் இந்த இடத்துக்கு உரியது என்பதற்கும், இந்தப் பேரில் புழங்கிவந்தது என்பதற்கும் சான்று கேட்பார்கள். பழைய பில், லேபிள், விளம்பரம், பதிவேடு, கட்டுரை, எதுவானாலும். ஊர்ப் பேர் அச்சிட்டு இந்த வருடம் விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டும், ரசீதும், இணையத்தில் தேதியோடு நிற்கிற ஒவ்வொரு பக்கமும் அந்தக் கோப்பில் சேரும். வெறும் கவரில் ஸ்டேப்ளர் அடித்து விற்றது எத்தனை டன்னாக இருந்தாலும் அங்கே ஒரு வரியாகக்கூட நிற்காது.